கொழுந்து பறிக்கிற மாதிரி நில்லுங்க

என் செல்ல இந்தியாக்கார அம்மாவுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று வருடத்தில் இப்படியொரு நாள் எனக்கு வாய்த்ததில்லை. நம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லோருக்கும் வேலைச் சட்டை தைக்கிற ஓடர் எனக்கே கிடைத்துவிட்டது. இன்று காலையில்தான். சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

கிடைக்காமல் போயிருந்தால் மறுபடியும் கொழும்பு கார்மெண்ட் தொழிற்சாலைக்குத்தான் போயிருப்பேன். உன் பேத்தியை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்ற கவலையில் ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. நீ என்னை ஒரு நாள்கூட விட்டுவிட்டுப் போனதில்லையே.

காலையில் எல்லோரும் கூடும் பெரட்டுக் களத்தில் இரண்டு மாதிரிச் சட்டைகளை வைத்தார்கள். ஒன்று கொழும்பில் தைத்தது. பளபளக்கும் பொத்தான், விறைப்பான காலர். மற்றது என்னுடையது. தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா, "கொழும்புச் சட்டைதான் பார்வையா இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் செல்லம்மா அக்கா முன்னால் வந்தார். நீ தைத்த முதல் ரவிக்கையைக் கிழித்தாரே, அதே அக்கா.

துறையூர்ப் பக்கத்திலிருந்து இங்கே லிந்துலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நீ. எனக்கு நடை வருவதற்குள் அப்பா கொழும்புக்குப் போனார், போனவர் போனவர்தான். பிழைப்புக்கு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாய். ஊர்ப் பழக்கத்தில் பெண்களைக் கையைத் தொங்கப்போட்டு நிற்கவைத்து அளவெடுத்தாய். அந்த ரவிக்கைகள் கோயிலுக்குப் போட்டபோது அழகாகத்தான் இருந்தன. மலைக்குப் போட்டுப்போய்க் கொழுந்தைப் பறித்து முதுகுக் கூடையில் போடக் கையைத் தூக்கியதும் அக்குள் டர்ரென்று போனது. "இந்தியாக்காரிக்குத் தைக்கத் தெரியல" என்று வரிசை வீட்டு லயமே சிரித்தது. நீயும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். அன்றைக்கு அழுதாயா என்று நான் கேட்டதே இல்லை.

மறுநாள் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மலைக்கே போய், அவர்கள் கை எப்படியெல்லாம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாயாம். அதற்குப் பிறகு அளவு கொடுக்க யார் வந்தாலும் உனக்கு ஒரே பேச்சுதான்: "கொழுந்து பறிக்கிற மாதிரி நில்லுங்க." பிறந்த ஊருக்கே திரும்பியிருக்கலாமே, ஏன் அம்மா போகவில்லை?

செல்லம்மா அக்கா கொழும்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு களத்து ஓரத் தேயிலையில் பறித்தார். இரண்டாம் தரம் கையைத் தூக்கியபோது அக்குள் பிரிந்துவிட்டது. அடுத்து என்னுடையது. பறித்தார், பறித்தார், பறித்துக்கொண்டே இருந்தார். ஒரு நூல்கூட விடவில்லை.

"இது நம்ம இந்தியாக்காரி வெட்டுங்க ஐயா. இதையே தைக்கச் சொல்லுங்க."

நம்ம இந்தியாக்காரி. கேட்டாயா அம்மா?

கண்டாக்கு ஐயா சிரித்துவிட்டார். "சரி புள்ள, அளவெடு" என்றார். நான் நாடாவை எடுத்துக்கொண்டு திரும்பினேன். இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும், உன் கையால் தைத்து ஒரு துணியும் போட்டிராத புதுப் பெண்கள்கூட, கொழுந்து பறிக்கிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

நாடா பிடிக்கிற காலம்வரை நானும் யாரையும் கையைத் தொங்கப்போட்டு நிற்கச் சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

இந்தியாக்காரி பெற்ற லிந்துலைக்காரி,
உன் மகள் வசந்தி