முறுக்கக்காவை முங்க வைக்க நினைத்தேன்

என் வாயாடி நாத்தனாரே, எப்சி,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது, எனக்கு இன்னும் உன்மேல் பொறாமை தீரவில்லை. செத்துப்போனவள்மேல் எவளாவது பொறாமைப்படுவாளா என்று கேட்பாய். படுகிறேனே, என்ன செய்யச் சொல்கிறாய்? ஒவ்வொரு மாதமும் உன் கல்லறைக்குப் பூ கொண்டுவருகிறேன் இல்லையா, இதையும் சேர்த்தே தூக்கிக்கொண்டுதான் வருகிறேன்.

நேற்றுக் காலை குர்லாவில் மாறி வாஷி ரயிலில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே ஒரு காலேஜ் பெண். அவள் போன் உறையில் முறுக்கக்கா ஒட்டியிருந்தாள். தோளில் அந்தப் பெரிய பை, ஒருபக்கம் சரிந்த தோள், அதே அரைச்சிரிப்பு. ஒன்றும் தெரியாதவள்போல, "இது யாரும்மா?" என்று கேட்டேன்.

"முறுக்கக்கா, ஆன்ட்டி. தமிழ் மங்கா ஒண்ணு இருக்கு, அதுல வர்ற கேரக்டர். வரைஞ்ச அக்கா போயிட்டாங்க தெரியுமா" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. எழுதின அக்கா உன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அதற்குள் மான்குர்த் வந்து அவள் இறங்கிவிட்டாள். உன்னை அக்கா என்கிறாள், என்னை ஆன்ட்டி என்கிறாள். அது வேறு எரிச்சல்.

இந்தக் கடிதத்தை நம் வாசகர்களும் படிக்கப்போகிறார்கள். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்வேன், பொறுத்துக்கொள். நீ தாராவியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் டிசைன் போட்டவள். வேலை முடிந்து வந்ததும் நம் வீட்டு ஏணியில் ஏறி, மேல்தட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஜப்பான்காரர்களின் படக்கதை மாதிரி மங்கா வரைந்தவள். தமிழ் உனக்கு வாய் நிறையப் பேச வரும், எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. நான் செம்பூரில் தமிழ் படித்து வளர்ந்து, உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த மதினி. அதனால் படம் உன்னுடையது, வசனப் பலூனுக்குள் இருக்கிற தமிழ் என்னுடையது. இப்படித்தான் பதினோரு அத்தியாயம் இணையத்தில் போட்டோம்.

தாராவிக்குப் பின்னால் ஓடுகிற உப்பங்கழியில் முங்கி, ஊரார் தொலைத்ததையெல்லாம் எடுத்துவருகிற ஒரு பெண். இந்த யோசனை உன்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கயல் என்று பெயர் வைத்தது நான். அவள் எப்படி இருப்பாள் என்று சொன்னதும் நான்தான். நெடுநெடுவென்ற உயரம், இடுப்பைத் தாண்டும் சடை, எதற்கும் அஞ்சாத பார்வை. யாரை மனதில் வைத்துச் சொன்னேன்? இப்போது சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்னைத்தான்.

முதல் வாரம் நான் சொன்னபடியே வரைந்தாய். அடுத்த வாரம் சடை தோளுக்கு ஏறிவிட்டது. "ஓடுற கட்டத்துல சடை எடஞ்சலா இருக்கு மதினி" என்றாய். அதற்கடுத்த வாரம் உயரம் குறைந்தது, முன்பல்லில் இடைவெளி வந்தது.

"ஏட்டி, இவளுக்கு எதுக்கு ஓட்டப்பல்லு?"

"சிரிச்சா அழகா இருக்கும்லா."

"அவ எங்கட்டி சிரிக்கா? எப்பவும் முறைச்சுக்கிட்டுல்லா நிப்பா?"

"இனி சிரிப்பா மதினி" என்றாய், பென்சிலைச் சீவிக்கொண்டே. என் கதாநாயகி என் கண் முன்னாலேயே சிறுத்துக்கொண்டு வந்தாள். நானும் தமிழை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முறுக்கக்காவோ ஓரக் கட்டத்தை நிரப்ப வந்தவள். ரயிலில் முறுக்குப் பாக்கெட் விற்பாள், எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசுவாள், கயல் எப்போது தண்ணீரில் இறங்குவாள் என்று பாலத்தடியில் இருக்கும் கழிக்காவலனுக்குத் துப்புக் கொடுப்பாள். மூன்றாம் அத்தியாயத்தில் அவனே அவளைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுவான். அதோடு அவள் கதை முடிந்தது. இது நீ எனக்குச் சொன்ன கதை. மாற்றியவள் நான், அதுவும் தெரியாமல் மாற்றினேன்.

மங்கா என்றால் கட்டங்கள் வலப்பக்கத்திலிருந்துதான் போக வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். தமிழை இடப்பக்கத்திலிருந்து படித்து, கட்டத்தை வலப்பக்கத்திலிருந்து படிக்க ஊரில் எவளுக்கு முடியும் என்று நான் சண்டை போட்டேன். நீதான் ஜெயித்தாய். பலூன்களை வெறுமையாக விட்டு, பென்சிலில் போட்ட ரஃப்பை என்னிடம் தருவாய். எந்தப் பலூனில் என்ன வசனம் என்று ஒரு தாளில் நான் வரிசையாக எழுதி வைத்திருப்பேன். அதைப் பார்த்து நிரப்புவேன்.

அன்றைக்கு ஆபீஸிலிருந்து வந்த அலுப்பு. அடுப்பில் குழம்பு வேறு. மூன்றாம் அத்தியாயத்தின் தண்ணீர்க்கரைப் பக்கத்தை என் கை பழக்கத்தில் இடப்பக்கத்திலிருந்து நிரப்பிவிட்டது. பக்கத்தில் இரண்டே கட்டம். வலப்பக்கம் முறுக்கக்கா, இடப்பக்கம் கயல். "எறங்காத. திரும்பிப் போயிருவோம்" என்று முறுக்கக்கா பயங்காட்ட வேண்டும். "நீ இங்கனயே நில்லு. நான் எறங்குதேன்" என்று கயல் சொல்ல வேண்டும். மாறிப்போயிற்று. வீரமாகப் பேசியவள் முறுக்கக்கா. திரும்பிப் போகலாம் என்று கெஞ்சியவள் என் கயல்.

உனக்குத்தான் படிக்க வராதே, அப்படியே ஏற்றிவிட்டாய். மறுநாள் ரயிலில் போனில் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் வாசகர்கள் முறுக்கக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஏணியில் ஏறினேன்.

"எப்சி, தப்பாயிருச்சு. மொதல்ல அதை எடு, மாத்தி எழுதித் தாரேன்."

நான் வசனங்களைப் படித்துக் காட்ட, நீ பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு ஓட்டைப்பல் தெரியச் சிரித்தாய். "அரே, விடுங்க மதினி. இதுதான் ஏக்தம் சரியா இருக்கு. முறுக்கக்கா எறங்கட்டும்."

"அப்போ கயல்?"

"கயலும் இருப்பா. அவளுக்கு ஒரு தொணை வேண்டாமா?"

அன்றிலிருந்து கதையே முறுக்கக்கா பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரு வேலைக்காரி வீட்டுக்காரியான மாதிரி இருந்தது எனக்கு. அதற்குக் கதவைத் திறந்துவிட்டதும் நானே. யாரிடம் போய் அழ?

பிறகு மழைக்காலம் வந்தது, உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில், உன் காதோடு "வீட்டுக்குப் போயிருவோம்ட்டி" என்று சொன்னேன். நீ பதில் சொல்லவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

இப்போது சென்னையிலிருந்து ஒரு பதிப்பகம் இதைப் புத்தகமாகப் போடுகிறது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. நான் எழுத, மாட்டுங்காவில் இருக்கும் வித்யா என்ற பெண் வரைகிறாள். போன மாதம் பதிப்பகத்திலிருந்து பேசினார்கள். அட்டையில் முறுக்கக்கா தனியாக நிற்க வேண்டுமாம். "எப்சி மேடத்தோட பெரிய படைப்பு அதுதானே" என்றார்கள். போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் பாத்திரம் விளக்கினேன். விளக்கிய பாத்திரத்தையே மறுபடியும் விளக்கியிருக்கிறேன். அத்தை, உன் அம்மாதான், பார்த்துவிட்டு, "என்ன பியூலா, அதுல ஓட்டை போடப்போறியா?" என்று கேட்டாவ.

அன்றைக்கே முடிவு செய்தேன். கடைசி அத்தியாயத்தில் முறுக்கக்கா முங்கிப்போவாள். மூன்றாம் அத்தியாயத்திலேயே போயிருக்க வேண்டியவள்தானே? கயல் கரையேறுவாள், தனியாக, நெஞ்சு நிமிர்த்தி. இரண்டு நாளில் எழுதி முடித்தேன். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு வேகமாக எழுதியதில்லை.

கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஹோட்டலில் வித்யாவிடம் கொடுத்தேன். காபி ஆறிப்போகும்வரை படித்தாள். நல்ல பெண், மறுபேச்சுப் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வரஞ்சு கொடுக்கறேன் அக்கா. ஆனா அவ முங்கறச்சே அந்தத் தோள் எப்படிச் சரியும்னு எனக்குப் பிடிபடலை. எப்சியோட பழைய நோட்டு இருந்தா ஒரு தடவை பாத்துடறேனே."

உன் நோட்டுகள் மேல்தட்டில், உன் தகரப்பெட்டியில் இருந்தன. பத்து மாதமாக நான் தொடவில்லை. துக்கத்தால் என்றுதான் அத்தை நினைத்தாவ. உண்மை என்ன தெரியுமா? நீ எவ்வளவு நன்றாக வரைவாய் என்று இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து ஏணியில் ஏறினேன். நான்கு நோட்டு. நீ தமிழையெல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தாய். முதல் நோட்டின் முதல் பக்கத்தில் நம் சந்து முனை. டாக்ஸியிலிருந்து ஒருத்தி இறங்குகிறாள். தோளில் பெரிய பை, பாரத்தில் ஒருபக்கம் சரிந்த தோள், அரைச்சிரிப்பு. அந்தப் பையை எனக்குத் தெரியும். கல்யாணம் முடிந்து நான் வந்த அன்று, சந்து முழுவதற்கும் கொடுக்கச் சொல்லி என் அம்மா அதில்தான் அச்சுமுறுக்கு நிறைத்து அனுப்பினாள்.

படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "புது மதினி. எல்லாருக்கும் முறுக்கு குடுத்துக் கைக்குள்ள போட்டுட்டா. அண்ணன் இப்ப என் படத்தைப் பாக்க ஏணி ஏறுறதே இல்ல. இவ மூணாவது சாப்டர்ல முங்கணும்."

அடுத்த பக்கத்தில் ஒரு குட்டைப் பெண், தோள்வரை முடி, ஓட்டைப்பல். கீழே "நான்" என்று மட்டும்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் எப்சி. முதலில் வந்தது கோபம். என்னைக் காட்டிக்கொடுப்பவளாக்கி, முங்க வைக்க நாள் குறித்து, அந்த நோட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, "மதினி, ஒரு டீ" என்று கேட்டிருக்கிறாயே!

மூன்றாவது நோட்டில், தண்ணீர்க்கரைப் பக்கத்துக்கு அடுத்து, முறுக்கக்கா முங்கும் காட்சியைப் பென்சிலில் போட்டு வைத்திருந்தாய். குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில், "மதினி மாத்தி எழுதிட்டாங்க. இவ எறங்குனா நல்லாத்தான் இருக்கு. முப்பது பக்கம் திரும்ப வரையணும், ஐயோ."

நான்காவது நோட்டு முழுக்க முறுக்கக்காவின் முகம். மதினி டிபன் கட்டும்போது. மதினி சில்லறை எண்ணும்போது, உதட்டைக் கடித்தபடி. மதினி ரயிலைத் தவறவிட்ட அன்று. மதினி அண்ணனோடு சண்டை போட்டுவிட்டுச் சிரிக்கும்போது. எப்போது பார்த்தாய் இத்தனையும்? குப்புறப் படுத்தல்லவா இருந்தாய்?

நோட்டை உன் அண்ணனிடம் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "ஒனக்குத் தெரியாதா? சந்து பூராவும் ஒன்ன முறுக்கக்கான்னுதான சொல்லுது" என்றார். மாவு மில்லில் எல்லாரும் என்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கண்ணாடி முன்னால் நின்றேன். இடது தோள் சரிந்துதான் இருக்கிறது. நான் எங்கே கயல்? கயலாக நீ இருந்திருக்கிறாய், முதல் நோட்டிலிருந்தே. அப்படியானால் ஆத்திரத்தில் நான் எழுதிய கடைசி அத்தியாயத்தில் முங்கியது யார், கரையேறியது யார்? எழுதியதை அன்றே கிழித்துப் போட்டேன்.

இப்போது பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. கூடியிருக்கிறது. உனக்கும் என்மேல் பொறாமை இருந்திருக்கிறது. ஆனால் அழித்து அழித்து வரைந்தே, நான்கு நோட்டில் அதை வேறொன்றாக மாற்றிவிட்டாய். நான் இன்னும் முதல் நோட்டிலேயே நிற்கிறேன். இதையும் நீ என்னைவிட நன்றாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறாயே, இதற்கு யாரிடம் முறையிட?

என் வாக்கு இது. முறுக்கக்கா இனி முங்கமாட்டாள். அட்டையில் அவள் தனியாக நிற்கவும் மாட்டாள், கயலும் பக்கத்தில் நின்றால்தான் புத்தகம் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டேன். முன்னுரையில் பலூன் மாறிய கதையையும் எழுதுவேன், என் பங்கை நான் விடுவதாக இல்லை. ஆனால் அட்டையில் உன்னை என்னைவிட ஒரு அங்குலம்கூட உயரமாகப் போட விடமாட்டேன்.

புதிய கடைசிப் பக்கத்தை நாளை காலை வித்யாவிடம் கொடுக்கிறேன். அதே தண்ணீர்க்கரை, அதே இரண்டு கட்டம். இந்தத் தடவை வலப்பக்கத்திலிருந்து விரல் வைத்து மூன்று முறை எண்ணிவிட்டுத்தான் எழுதினேன். வலப்பக்கம், கரையில் பையோடு முறுக்கக்கா: "எறங்காத. திரும்பிப் போயிருவோம்."

இடப்பக்கம், ஓட்டைப்பல் தெரிய, கயல்: "நீ இங்கனயே நில்லு. நான் எறங்குதேன்."

இங்கேயே நிற்கும்,
உன் மதினி
பியூலா