இருமல் மிட்டாய் டப்பாவில் அடைத்த வண்ணங்கள்

அன்புள்ள மதினிக்கு,

சில நாட்களாக எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. தோட்டத்து மருந்தகத்தின் டிஸ்பென்சர் ஐயா ஒரு சிறு குப்பியில் கிராம்புத் தைலம் ஊற்றிக் கொடுத்து, பஞ்சில் நனைத்துக் கடித்துக்கொள்ளும்படி சொன்னார். நேற்று மாலை அவ்வாறே செய்துவிட்டுக் கண்களை மூடியிருந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் வலி ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்ள, நீங்கள் வந்துவிட்டீர்கள். எங்கள் சமையலறை அடுப்பின் முன்னால் குந்தியமர்ந்து, ஈர்க்குச்சி நுனியால் தைலத்தைத் தொட்டு ஒவ்வொரு வண்ணக் கட்டியிலும் இட்டபடி, "நாத்தனாரே, இனிமே இதுல பூஞ்சணம் பூத்துச்சுன்னா என்னயக் கேளுங்க" என்று சொன்ன அதே கோலத்தில் வந்தீர்கள்.

நீங்கள் காலமாகி இரண்டு ஆண்டுகள் நிறையப் போகின்றன. இதுவரை உங்களை நினைத்து நான் ஒரு வரியும் எழுதியதில்லை. துயரத்தைச் சொல்ல அண்ணன் இருக்கிறார். இறம்பொடையில் உங்கள் தாயார் இருக்கிறார். எனக்குள் இருப்பதோ துயரம் மட்டுமன்று. மற்றவர் முன்னிலையில் அதைச் சொன்னால் வாயில் துணி வைத்து அடைப்பார்கள். ஆகவே உங்களிடமே சொல்கிறேன். உங்கள்மீது நான் அழுக்காறு கொண்டிருந்தேன். இன்றளவும் கொண்டிருக்கிறேன். "வயித்தெரிச்சல்னு சொல்லுங்களேன் பண்டிதரம்மா" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

நீங்கள் அண்ணனுக்கு மாலையிட்டு எங்கள் இல்லத்துக்கு வந்தபோது, லிந்துலைக்கு மேலேயுள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்தில் படம் வரைய அறிந்தவள் நான் ஒருத்தியே. ஐந்தாம் வகுப்போடு என்னை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கணக்கப்பிள்ளையின் மகள் வெளியே திரியலாகாது என்பது அப்பாவின் கட்டளை. வீட்டுக்குள் இருந்தபடியே, கடையிலிருந்து பொட்டலமாக வந்த செய்தித்தாள்களைப் பிரித்துப் படித்துத் தமிழ் கற்றேன். நாட்காட்டிப் படங்களைப் பார்த்துப் பார்த்து, தூரத்துப் பொருள் சிறுத்துத் தோன்றும் விதத்தை நானே கண்டுகொண்டேன். மாரியம்மன் திருவிழாவுக்குத் தேர்ச் சீலையில் அம்மன் முகம் எழுதியது நான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் என்னைப் 'படக்காரப் புள்ள' என்றார்கள். எனக்கென்றிருந்த பெருமை அது ஒன்றுதான், மதினி. அதையும் பங்கு கேட்க ஒருவர் வருவார் என நான் எண்ணியிருக்கவில்லை.

பெரிய துரையும் துரைசாணியும் சீமைக்குத் திரும்பியபோது, பங்களாவில் வேண்டாமென்று ஒதுக்கிய பொருட்களில் சிலவற்றை அப்பா கொண்டுவந்தார். அவற்றுள் நீர்வண்ணக் குழாய்கள் இருந்தன. பாதி பிதுக்கி, பாதி இறுகிப்போனவை. இரண்டு தூரிகைகளும் தடித்த வரைதாள் கட்டு ஒன்றும் உடன் இருந்தன. அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியோ ஒரு கைக்குழந்தையின் கனம். அதைத் தூக்கிக்கொண்டு மலையேறினால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அடுத்த நாள் வேறு பேச்சு இராது.

"சுருக்குப் பையில அடங்குற மாதிரி ஒண்ணு செஞ்சுக்கிட்டா என்னா? இடுப்புல சொருகிக்கிட்டுப் போனா வெத்தலப் பைன்னு நெனச்சுக்குவாங்க" என்றீர்கள்.

எண்ணம் உங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டி என்னுடையது. இருமல் மிட்டாய் வந்த தட்டையான தகர டப்பாவைத் தேர்ந்தெடுத்தவள் நான். தேயிலைப் பெட்டிகளின் உட்புறம் ஒட்டும் ஈயத்தாளில் எஞ்சிய துண்டுகளை அண்ணன் தாம் வேலை செய்யும் தேயிலை ஆலையிலிருந்து கொண்டுவந்தார். அவற்றை அளவுகோல் வைத்து வெட்டி, சதுரமான சின்னஞ்சிறு கிண்ணங்களாக மடித்து, உருக்கிய மெழுகால் டப்பாவின் அடியில் நான் ஒட்டினேன். மூடியின் உட்புறம் வெள்ளைப் பூச்சுப் பூசி, வண்ணம் குழைக்கும் தட்டாக ஆக்கினேன். தூரிகையின் காம்பைப் பாதியாக நறுக்கி, உடைந்த பேனாவின் மூடிக்குள் செருகினேன். நீருக்கு யூகலிப்டஸ் தைலக் குப்பி. இறுகிய குழாய்களைச் சவர அலகால் பிளந்து, உள்ளிருந்த வண்ணத்தைச் சொட்டு நீரும் துளித் தேனும் விட்டு நீங்கள் அரைத்துக் கொடுத்தீர்கள். கடைசியாகக் கிராம்புத் தைலமும் இட்டீர்கள்.

அந்த மழைக்காலத்தில் எதுதான் காய்ந்தது? துவைத்த துணியே ஒரு வாரம் ஈரமாய்த் தொங்கியது. வண்ணங்களில் விரல் வைத்தால் பாகாக ஒட்டின. அண்ணன் டப்பாவை எடுத்துச் சென்று, ஆலையில் கொழுந்தை வாட்டும் மேல்மாடியில், வெப்பக் காற்று வரும் இடத்தில் வைத்துவிட்டார். தேயிலை எந்த மணத்தையும் தனதாக்கிக்கொள்ளும் என்பது அங்கேயே வேலை செய்யும் அவருக்குத் தெரியாதா? நீங்கள் கேட்டதால் மறந்துபோயிருப்பார். மறுநாள் ஆலையை நடத்தும் டீ மேக்கர் ஐயா கொழுந்தை அள்ளி முகர்ந்து, கிராம்பு நெடி கண்டு, "எவன்டா மேல வெத்தல போட்டது? வாய ஊதிக் காட்டுங்கடா" என்று மாடியில் நின்ற அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினாராம். அண்ணனும் வரிசையில் நின்று வாயை ஊதிக் காட்டிவிட்டு, டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்டிருந்தால் எதற்கு, ஏன் என்று வினவியிருப்பார். உங்களுக்காக ஒரு வார்த்தையும் கேளாமல் மாடியேறியிருக்கிறார். என் அண்ணன் பொருட்டும் அன்று உங்கள்மீது எனக்குப் பொறாமை வந்தது என்றால் நீங்கள் நம்புவீர்களா?

பெட்டி காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விறகு பொறுக்கும் சாக்கில் மேலே சென்றோம். முதல் நாள் நான் தூரிகை பிடிக்கும் முறையை உங்களுக்குக் காட்டினேன். "தூரிகை" என்றேன். "பிரசுன்னா ஓடிரவா போகுது?" என்றீர்கள். அதன்பின் ஒரு மாதம்கூட ஆகியிராது, உங்கள் தாளைப் பார்ப்பதற்கு எனக்கு அச்சமாயிற்று.

காரணத்தை நான் நன்கு ஆராய்ந்திருக்கிறேன். இந்த மலையில் பனிமூட்டம் இறங்கினால் தாள் நனைந்துவிடும். இட்ட வண்ணம் கரை மீறி ஓடும். அதற்கு முன்பே முடித்துவிட வேண்டுமென்று நான் விரைவேன். முடியாவிட்டால் தாளை முந்தானையால் மூடி, கோடு கலையாமல் காப்பேன். நீங்களோ மூட்டம் வரட்டுமென்று கன்னத்தில் கைவைத்துக் காத்திருப்பீர்கள். வந்ததும் நனைந்த தாளில் ஒரு துளி நீலமும் ஒரு துளி கருமையும் விட்டுவிட்டு, அவை போகும் வழியை வேடிக்கை பார்ப்பீர்கள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே விரலால் ஒற்றியெடுப்பீர்கள். அது மலையாகிவிடும். அந்த இடத்தை யார் உங்களுக்குக் காட்டியது? பலமுறை கேட்டேன். "எனக்கென்னா தெரியும், அதுவா நின்னுச்சு" என்பதைத் தவிர வேறு விடை கிடைக்கவில்லை.

பிறகு அண்ணனுக்குக் கொத்மலைத் தோட்டத்து ஆலையில் வேலை மாறியது. இருந்த வண்ணம் ஒரு பெட்டிக்கே போதுமானது. பெட்டி யாரிடம் இருக்க வேண்டும்?

"செஞ்சவளுக்கா, படம் போடுறவளுக்கா? ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கங்க, எனக்கு வேல கெடக்கு" என்று அப்பா ஒதுங்கிக்கொண்டார். 'போடுறவ' என்ற சொல் உங்களைக் குறித்தது. என் வீட்டில், என் தந்தையின் வாயில், அந்தப் பெயர் உங்களுக்குப் போய்விட்டது. பெட்டியைவிட அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"இருவரும் ஒரே காட்சியை வரைவோம். அண்ணன் தீர்ப்பளிக்கட்டும்" என்றேன்.

"கோர்ட்டு வரைக்கும் போயாச்சா" என்று சொல்லிவிட்டு, நீங்கள் பையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னே நடந்தீர்கள்.

ஆலைக்கு மேலேயுள்ள திருப்பத்தில் அமர்ந்தோம். நான் முதலில் வரைந்தேன். புகைபோக்கி, தகரக் கூரை, வரிசை வரிசையாகத் தேயிலைச் செடிகள், எதையும் விடவில்லை. பெட்டி உங்கள் கைக்கு வந்தபோது மூட்டமும் வந்துவிட்டது. மாலையில் அண்ணன் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுலதான் பெக்டரி பெக்டரி மாதிரி இருக்கு. கூரையில தகரம் பேந்திருக்கிறதுகூடத் தெரியுது. அதுல வெறும் பொகையால்ல இருக்கு?" என்றார்.

நான் வென்றேன். "அப்பவே சொன்னேன்ல, அவங்களுக்குத்தான்னு" என்று நீங்கள் மகிழ்ச்சியோடு பெட்டியை என் மடியில் வைத்தீர்கள். நான் உங்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரையின் ஒரு விளிம்பு, அதற்கப்பால் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஈரக்காற்று என் முகத்தில் பட்டது.

மறுநாள் காலை நீங்கள் பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, என் வாழ்நாளில் எனக்கு மிகக் கடினமாயிருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "மதினி, உங்கள் படமே மேலானது. அண்ணனுக்குப் பார்க்கத் தெரியவில்லை."

நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஊருக்குப் போறவளுக்குச் சோறு கட்டிக் குடுக்கிற மாதிரி நல்ல வார்த்த கட்டிக் குடுக்கிறீங்களாக்கும்" என்று சிரித்துவிட்டு, அந்தப் படத்தை இரண்டு பீங்கான் தட்டுகளுக்கு நடுவில் வைத்தீர்கள். "ஒரசாம இருக்கும்ல?" என்று என்னிடமே கேட்டீர்கள்.

இரவல் நகையைத் திருப்பிக் கொடுப்பதுபோல் நான் கொடுத்த உண்மையை, உபசாரமென்று நினைத்து எனக்கே திருப்பித் தந்துவிட்டீர்கள். உங்களிடம் இருப்பது இன்னதென்று உங்களுக்கே தெரியாது. தெரிந்த ஒருத்திக்கோ அது வாய்க்கவில்லை. எதன்மீது நான் கோபம் கொள்வது?

சில மாதங்கள் பொறுத்திருந்தேன். பின்னர் இன்னொரு டப்பா தேடி, முன்னதைவிடத் திருத்தமாகக் கிண்ணங்கள் மடித்து, ஒவ்வொரு வண்ணத்தையும் காய்ச்சிய கத்தியால் பாதியாகப் பிளந்து வைத்துக் கொத்மலைக்குக் கொண்டுவந்தேன். அன்பினால் என்று அண்ணன் நெகிழ்ந்தார். நீங்கள் வரையாமல் இருந்தால் நான் யாரை மிஞ்சுவது? அதற்காகத்தான் கொண்டுவந்தேன். "இங்க எங்க நேரம் இருக்கு" என்று நீங்கள் அதை வாங்கி மாடத்தில் வைத்தபோது, அந்தக் கையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

மஞ்சட்காமாலை உங்களைக் கொண்டுபோன பின், அண்ணன் அந்த டப்பாவை என்னிடம் ஒப்படைத்தார். திறந்தேன். நீலமும் கருமையும் இருந்த கிண்ணங்களில் ஈயத்தாள் பளிச்சென்று தெரிந்தது. நேரமில்லை என்றவர் அத்தனையையும் கரைத்திருக்கிறீர்கள். "படங்கள் எங்கே?" என்றேன். "கேட்டவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துருவா" என்றார் அண்ணன்.

கொத்மலையில் முன்பின் தெரியாதவர்கள் வீட்டுச் சுவர்களில் அவை இருக்கின்றன என்பதை நினைத்து, அவர்கள் எல்லோர்மீதும் பொறாமைப்பட்டேன். சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது தாங்கமுடியாமல் லயத்து வீடுகளில் ஏறி இறங்கினேன். பெரும்பாலானவை அடுப்புப் புகையிலும் ஒழுக்கிலும் போய்விட்டன. ஒரு வீட்டில் மட்டும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒன்று ஒட்டியிருந்தது. மேட்டு லயமும் அதன்மேல் இறங்கும் மூட்டமும். கொத்மலைக்குப் போனபின் உங்களோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த பெண்ணின் வீடு அது. விலைக்குக் கேட்டேன். "அவங்க எனக்குன்னு போட்டது. தரமாட்டேன்மா" என்றாள். அப்படியானால் அதைப் பார்த்து வரைந்துகொள்ள அனுமதி கேட்டு, அவள் வாசற்படியிலேயே அமர்ந்தேன். அவள் அரிசி களைந்து உலை வைத்துச் சோறு வடிக்கும் வரை வரைந்தேன். தாளை நனைத்தேன். நீலத்தை விட்டேன். ஓடும்வரை ஓடவிட்டு ஒற்றியெடுத்தேன். உங்களைப்போலவே அனைத்தும் செய்தேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லாத்தாம்மா போட்டிருக்கீங்க" என்றாள். பிறகு, சொல்லலாமா என்று யோசித்தவள்போல், "ஆனா அவங்க படத்தப் பாத்தா எனக்குக் குளிருது. இதப் பாத்தாக் குளிரல" என்றாள்.

மதினி, அன்று நீங்கள் ஏற்க மறுத்த தீர்ப்பு இதுதான். என் வாயால் சொன்னபோது உபசாரம் என்றீர்கள். இவள் எனக்கு உறவில்லை, உங்களுக்கும் கடன்பட்டவளில்லை. நெஞ்சில் சுருக்கென்று தைத்த அதே நேரத்தில், நான் சொன்னது சரியே என்று நிமிர்ந்தும் நின்றேன். ஓடி வந்து சொல்ல நீங்கள்தான் இல்லை.

அவள் சொன்ன அந்த ஒற்றைச் சொல் என்னோடு பேருந்தில் ஏறி வந்தது; இன்னும் இறங்கவில்லை. ஞாயிறுதோறும் மேலே சென்று அமர்கிறேன். வரைந்து முடித்ததும் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, குளிர்கிறதா என்று பார்க்கிறேன். இல்லை என்றால் அடுத்த தாளை எடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்