தம்பி ஜெயிக்கும் சண்டை

1933, தை 20
காலையிலிருந்து தூறல். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு இல்லை. நியாலாஸ் ஊருக்குப் போய்ச் சீனன் கடையில் சிகரெட் ஈயத்தாள் வாங்கி வந்து மரக்கத்திகளில் ஒட்டினேன். பசை காயவில்லை.

திருவிழா நாடகத்தில் அண்ணன் தம்பி ராஜாக்கள். கடைசிச் சண்டையில் அண்ணன் தம்பியைக் கொல்ல வேண்டும். கங்காணி நிஜ அண்ணன் தம்பியையே பொறுக்கிவிட்டார்: காத்தமுத்து, சின்னப்பன். சின்னவன் வேற்றுச் சாதி அஞ்சலையைக் கட்டியதிலிருந்து பேச்சில்லை. லயத்தில் அடுத்தடுத்த வீடு, அப்படியும். இவர்களுக்குச் சண்டை அமைப்பது பள்ளிக்கூட வாத்தியாரான என் தலையெழுத்து.

தை 23
ஒத்திகை மோசம்.
"வெட்டுறதுக்கு முன்னால அவன் கண்ணைப் பாருப்பா. அவன் தயாருன்னு தெரிஞ்சாத்தான் வீசணும்."
காத்தமுத்து தோளைப் பார்த்து வீசுகிறான். சின்னவன் தரையைப் பார்க்கிறான். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ராத்திரிக்கு மிளகு ரசம்.

தை 29
நல்ல வெயில். இன்று ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்காவிட்டால் மண்டை உடையும். ஆனாலும் ஒரு வீச்சு தவறி, சின்னவன் காதோரம் கீறல். காத்தமுத்து கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் துண்டால் அழுத்தினான்.
"வலிக்குதாடா?"
"இல்லண்ணே."
அவ்வளவுதான். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு ஒட்டுமீசைகளைச் சிக்கெடுத்தேன்.

மாசி 4
சின்னப்பனுக்குக் குளிர் ஜுரம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, கொய்னா மாத்திரை. காத்தமுத்து வாசல் வரை வந்து நின்றான். உள்ளே அஞ்சலை.
"போய்ப் பாரேன்."
"நாளைக்குப் பாத்துக்கிறேன் வாத்தியாரே."

மாசி 5
விடியற்காலை சின்னப்பன் போய்விட்டான்.
பள்ளிக்கூடம் திறக்கவில்லை.

பங்குனி 2
கருமாதியெல்லாம் முடிந்துவிட்டது. கங்காணி வந்தார். "திருவிழா நிக்காதுலா. சின்னவன் வேஷத்த நீங்களே கட்டிருங்க." தலையாட்டினேன்.
சாயங்காலம் காத்தமுத்து.
"சண்டைய மாத்துங்க. நான் விழுறேன்."
"கதை அப்படி இல்லையேப்பா."
"என்னால அவன வெட்ட முடியாது."
கங்காணியிடம் சொல்லவில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே இரண்டு பேருமாகப் பழகினோம். கையை ஊன்றாமல் கட்டை மாதிரி விழுகிறான். திட்டினேன். கேட்கவில்லை.

பங்குனி 18
நாடகம். மழை இல்லை. நல்ல கூட்டம்.
சண்டை வந்தது. கண்ணைப் பார்த்தேன். இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். வீசினேன். விழுந்தான்.
"ஏய், தம்பில்ல சாகணும்!" கூட்டத்தில் ஒரு குரல். யாரோ அதட்டி அடக்கினார்கள். ஆர்மோனியக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். திரையை இழுத்தார்கள்.

காத்தமுத்து எழவில்லை. முகம் பலகையோடு.
"உள்ள போயிருக்கணும். அன்னிக்கே உள்ள போயிருக்கணும்."
அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். கனம். முடியவில்லை.
மேடைக்குப் பின்பக்கமிருந்து அஞ்சலை ஏறி வந்தாள். அவனோடு இதுவரை ஒரு வார்த்தை பேசியறியாதவள். குனிந்து அவன் கையைப் பிடித்தாள்.
"எந்திரிங்க மாமா."