முக்கோணமாய் மடிந்த முனை

நவம்பர் 24

பழைய இரும்புக் கிடங்கிலிருந்து எங்கள் கதிரியக்க ஆய்வகத்துக்குக் காலையிலேயே அழைப்பு. லாரி வாயிலைத் தாண்டும்போது கதிர்வீச்சு மணி அலறியிருக்கிறது. குப்பைக்கு நடுவே சின்ன எஃகு உருளை. நான் போனபோது தீயணைப்புக்காரர்கள் குழாயும் கையுமாக நின்றிருந்தார்கள்.

"கழுவிட்டா பாதுகாப்புதானே மேடம்?"

"ஒரு சொட்டுத் தண்ணி பட்டுச்சு, அப்புறம் நான் பொல்லாதவளாயிடுவேன்!"

அழுக்கோடு சாட்சியும் போய்விடுமே! கருவியை நீட்டினேன். புளூட்டோனியம்.

லாரி ஓட்டி வந்த போலந்துக்காரர் விட்டோல்டைக் காவல்துறை கூட்டிப் போனது.

நவம்பர் 26

ஆய்வகத்தில் உருளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் திறந்தோம். பெட்டியின் சுவரில் பொருத்திய தடித்த ரப்பர் கையுறைக்குள் கையை நுழைத்துத்தான் எதையும் தொட முடியும். உருளைக்குள் பிளாஸ்டிக் பை, அதில் பொடி. பையின் கழுத்தில் மஞ்சள் ஒட்டுநாடா. கைரேகை இல்லை. ஆனால் நாடாவின் முனை மடிக்கப்பட்டிருந்தது.

அந்தக் கையுறையோடு நகம் வைத்து உரிக்க முடியாது. அதனால் எங்கள் தொழிலில் எல்லோரும் முனையை மடித்து விடுவோம். நான் நேராக மடிப்பேன். இது முக்கோணம்.

இன்ஸ்பெக்டர் புருன்ஸிடம் சொன்னேன்: "லாரிக்காரருக்கு இப்படிக் கட்டத் தெரியாது. கட்டினது எங்க ஆள்."

"எந்த ஆள்?"

"தெரியலை."

"அப்போ கையில இருக்கிற ஆளை விட மாட்டேன்."

நவம்பர் 27

விட்டோல்டுக்கு உடல் பரிசோதனை. மனிதர் தன் உள்ளங்கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏதோ பழைய ஷெட்டைக் காலி பண்ணினப்ப வந்த இரும்புங்க. ஏத்தின கையோட போய் என் மகளைத் தூக்கினேனே... அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

பை கிழியவில்லை, பயப்படாதீர்கள் என்றேன். அவர் நம்பவில்லை.

நவம்பர் 30

கிறிஸ்துமஸுக்கான முதல் மெழுகுவர்த்தியை ஏற்றும் ஞாயிறு. தம்பி வோல்கர் ஸ்டோலன் கேக்கோடு காபிக்கு வந்தான். அவன் வேலை செய்யும் பழைய எரிபொருள் ஆய்வகத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வசந்தத்தோடு அவன் வேலையும் முடிகிறது.

"ஏன்க்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று சிரித்தான். பிறகு சிரிக்காமல், "நாங்க கட்டினதை எங்க கையாலயே இடிக்க வைக்கிறாங்க" என்றான்.

அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். கேக் பொட்டலத்தை வாங்கி ஒரே இழுப்பில் பிரித்தாள். "வோல்கர் ஒட்டினா எனக்குக் கத்தரிக்கோலே வேண்டாம்."

நாடாவின் முனை முக்கோணமாக மடிந்திருந்தது.

அவன் கிளம்பியதும் அம்மாவின் கையைக் கருவியால் அளந்தேன். சுத்தம். "என்னடி இது கூத்து?" என்றாள்.

டிசம்பர் 1

அப்படி மடிக்கிறவன் அவன் ஒருத்தன்தானா? இருக்காது. இருக்கவே கூடாது. பொட்டலத் தாளை நாடாவோடு குப்பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். எதுக்கு எடுத்தேன்?

டிசம்பர் 3

பொடி எப்போது தயாரானது என்று தெரிந்துவிட்டது. கலவையும் பொருந்துகிறது. வோல்கரின் ஆய்வகம்தான். அங்கே வேலை செய்தவர்கள் நிறையப் பேர். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. விட்டோல்ட் உள்ளேயே கிடப்பார், அவ்வளவுதான். அவ்வளவுதானா? சீ.

மாலையில் தாளைப் பையில் போட்டு, முத்திரையிட்டு, எங்கள் ஆய்வகத் தலைவரிடம் கொடுத்தேன். "இதை வாங்கிக்குங்க. இந்த வழக்குல இனிமே நான் இருக்கக் கூடாது."

"ஏன் ஹெட்டா?"

"ஒட்டினது என் தம்பி."

அவர் உட்காரச் சொன்னார். நின்றபடியே ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திட்டேன். பாவி, எதுக்குடா எடுத்தே? யாருக்குக் கொடுக்க?

டிசம்பர் 7

இரண்டாவது மெழுகுவர்த்தி. விட்டோல்ட் வெள்ளியன்றே வீட்டுக்குப் போய்விட்டாராம். புருன்ஸ் போனில் சொன்னார். வோல்கரின் வீட்டில் இன்னும் கதிர்வீச்சைத் தேடும் வெள்ளை உடைக்காரர்கள் நிற்கிறார்கள்.

கடையில் வாங்கிய கேக்கோடு அம்மா நெடுநேரம் மல்லுக்கட்டினாள். என் முகத்தைப் பார்க்காமலே கத்தரிக்கோல் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.