தவக்காலத்தில் ஒரு சைனா படம்

5 மார்ச் 1979, திங்கள்

விடியும்போதே வெயில். காற்று இல்லை. உப்பு நன்றாக விளையும், கண்தான் எரியும்.

எட்டு மணி வாக்கில் மேஸ்திரி என் வீட்டுக்காரரைக் கன்னத்தில் அறைந்தார். காரணம்: சொல்வதற்கு முன்பே மூன்றாம் பாத்தியில் உப்பு வார ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான். நான் தலையில் கூடையோடு பத்தடி தள்ளி நின்றேன். கண்ணம்மா என் பின்னால். மற்ற பெண்களும் பார்த்தார்கள். அவர் தலைத்துண்டு சேற்றில் விழுந்தது. குனிந்து எடுத்து உதறினார். "சரிங்க மேஸ்திரி."

வீட்டில் அத்தை கேட்டார்: "இன்னாடா சூசை, மூஞ்சி வீங்கியிருக்குது?" குளவி கொட்டியது என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், துணி சோப்பு, ஊசி.

7 மார்ச், புதன்

பிரம்மதேசம் ரோட்டில் டெண்ட் கொட்டாய் போட்டிருக்கிறார்கள். கண்ணம்மா சொன்னாள்: "சைனா படம்டி மேரி. பாட்டே இல்லியாம். ஒரே அடிதானாம்."

தவக்காலம். நாற்பது நாளும் சினிமா இல்லை, கறி இல்லை என்று சாம்பல் புதனன்று கோவிலில் தலையாட்டியவள் நான். ஆனால் அவர் "போலாமா?" என்று கேட்டார். திங்கட்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. சாமியை நினைத்து வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தையிடம் ஜெபமாலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாலை ஆட்டத்துக்குப் போனோம்.

8 மார்ச், வியாழன்

இன்று முழுக்க அந்தப் படம்தான் மனதில். இரண்டு கூடை கவிழ்த்தேன், திட்டு வாங்கினேன்.

பேசுவது இங்கிலீஷ். ஒருவருக்கும் புரியவில்லை. புரிய ஒன்றுமில்லை. கல் குவாரியில் கல் உடைப்பவன். நம் ஆள்கள் மாதிரியே ஒல்லி, விலா எலும்பு தெரிகிறது. குவாரிக்காரன் அவன் சோற்றுக் கிண்ணத்தை எட்டி உதைக்கிறான். அதிலிருந்து கதை.

எனக்குப் பிடித்தது எது என்று யோசித்தேன். நம் படங்களில் கதாநாயகன் முதல் ரீலிலேயே இருபது பேரை அடிப்பான். எங்கே கற்றுக்கொண்டான் என்று யாரும் கேட்பதில்லை. இவன் முதலில் அடி வாங்குகிறான். வாங்கி, எழுந்து போய்ப் பழகுகிறான். சூடான மணலில் கையைக் குத்துகிறான், நூறு தடவை, இருநூறு தடவை, மழையிலும் குத்துகிறான். சாமி வரம் கொடுக்கவில்லை. கத்தி, துப்பாக்கி கிடையாது. கடைசியில் போலீஸ் வரவில்லை. வெறும் கை. அது எல்லோரிடமும் இருக்கிறது.

ஒரு பெண்ணும் சண்டை போடுகிறாள். டீயைப் பாதி குடித்து வைத்துவிட்டுப் போய் நாலு பேரை அடித்துவிட்டு வந்து மீதியைக் குடிக்கிறாள்.  பெண்கள் பக்கத்திலிருந்து கண்ணம்மா விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே நேற்றுத்தான் தெரியும்.

ஆண்கள் பக்கத்தைப் பிரிக்கும் குட்டிச் சுவருக்கு மேலே எட்டி அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு முகம் இல்லை.

12 மார்ச், திங்கள்

இதுவரை நான்கு தடவை பார்த்துவிட்டார். நான் இரண்டு.

விடிகாலையில் ஆள்கள் வருவதற்கு முன்னால் உப்புக் குவியலில் குத்துகிறார். நேற்று விழுந்த ஈர உப்பு இல்லை, வெயிலில் காய்ந்து கல்லாக இறுகியது. நான் எண்ணுகிறேன். நூற்றிருபது வரை போனார். முதல் நாள் சிரித்தேன். இன்று சிரிக்கவில்லை. மூச்சை இழுத்து விடும் விதமே மாறிவிட்டது. முதுகு நிமிர்ந்திருக்கிறது.

"இன்னொரு தடவை அவன் மேல கை வெக்கட்டும் மேரி. அப்ப பாரு."

பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் எழுதக்கூடாது.

அவர் போன பிறகு நானும் ஒரு குத்து குத்திப் பார்த்தேன். எரிச்சலில் உயிர் போயிற்று.

16 மார்ச், வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். தலைவலி இல்லை.

வலது கை விரல் முட்டிகள் நான்கும் வெடித்துவிட்டன. உள்ளே உப்புப் பொடி. "ரெண்டு நாள் நிறுத்தலாமா?" என்று அவரே கேட்டார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எதுக்கு நிறுத்தறீங்க? கடைசிப் பாத்தி தண்ணியில ஊற வைங்க. கால் எப்டி தடிச்சுது? கையும் தடிச்சிடும்."

உப்பு வாரிய பின் அடியில் தேங்கும் கசப்புத் தண்ணீர் அது, எண்ணெய் மாதிரி கெட்டி. உப்பளத்துக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பாதம் வெடித்தால் அதில்தான் நிற்கச் சொல்வோம். ஓரிரு மாதத்தில் தோல் மரத்துவிடும். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். இப்போது கண்ணாடித் துண்டை மிதித்தாலும் தெரியாது.

வாளியில் மொண்டு வந்தது நான். பல்லைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் கையை வைத்திருந்தார். கண்ணில் தண்ணீர். கத்தவில்லை.

20 மார்ச், செவ்வாய்

கை நன்றாக இருக்கிறது. மேலே வெள்ளையாக, கெட்டியாகத் தோல். தட்டினால் வலி தெரியவில்லை என்கிறார். தினமும் காலை மாலை வாளி.

இன்று மேஸ்திரி அதட்டியபோது தலை குனியவில்லை. நேராகப் பார்த்தார். மேஸ்திரிதான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணம்மா என் இடுப்பில் கிள்ளினாள். வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தேன்.

24 மார்ச், சனி

வெள்ளைத் தோலுக்குக் கீழே கருப்பு. நாற்றம். அழுத்தினால் மோதிர விரல் பக்கம் சீழ். எத்தனை நாளாக என்று கேட்டேன். வலி இல்லாததால் நல்லது என்று நினைத்தாராம்.

காய்ச்சல். அத்தை மஞ்சள் அரைத்துப் போட்டார். நான் வாளியைக் கவிழ்த்துக் கொல்லையில் வைத்துவிட்டேன்.

26 மார்ச், திங்கள்

முதல் பஸ்ஸில் பாண்டி ஆஸ்பத்திரி. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது.

டாக்டர் இளவயது. முட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல என்ன போட்டீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஒண்ணும் போடலைங்க. வெறும் தண்ணிதாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.

28 மார்ச், புதன்

மூன்று விரல் எடுத்துவிட்டார்கள். நடு, மோதிரம், சுண்டு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருக்கின்றன. இன்னும் நாலு நாள் தாமதித்திருந்தால் மணிக்கட்டோடு போயிருக்கும் என்று நர்ஸ் சொன்னார்.

மயக்கம் தெளிந்ததும் இடது கையால் கட்டைத் தடவிப் பார்த்தார்.   எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

1 ஏப்ரல், ஞாயிறு

பூசையில் சாமியார் அந்தப் படத்தைப் பற்றித்தான் பிரசங்கம் வைத்தார். அந்நிய நாட்டு வன்முறை, தவக்காலத்தில் சபலம், ஒரு குடும்பஸ்தனின் கை. பெயர் சொல்லவில்லை, எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அந்தப் பாழாப்போன சைனாக்காரன்தான் என் புள்ள கையைத் தின்னுட்டான்."

கொட்டாயைப் பிரித்துவிட்டார்களாம். நல்லதாயிற்று என்று ஊரே சொல்கிறது.

அவன் மணலில் குத்தினான். தண்ணீரில் ஊற வைக்கவில்லை. படத்தில் அப்படி ஒரு காட்சி கிடையாது.

7 ஏப்ரல், சனி

நேற்று அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கட்டு மாற்ற: வியாழன். மாத்திரை மூன்று வேளை.

இன்று பாவசங்கீர்த்தனம். தவக்காலத்தில் சினிமா பார்த்தேன், இரண்டு தடவை, பொய் சொன்னேன் என்றேன். சாமியார் பத்து அருள்நிறை மந்திரம் கொடுத்தார். வாளியைப் பற்றிச் சொல்லவில்லை. அது எந்தக் கட்டளையில் வரும் என்று தெரியவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான்.

மாலையில் அவரிடம் சொன்னேன். "நான்தானே அந்தத் தண்ணியில வைக்கச் சொன்னேன்."

"சொன்ன. அம்மாகிட்ட சொல்லாத."

அவ்வளவுதான் பேச்சு. திட்டியிருக்கலாம்.

9 ஏப்ரல், திங்கள்

மேகமூட்டம். மழை வந்தால் விளைந்தது எல்லாம் கரையும்.

மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். ரொட்டி, ஆறு சாத்துக்குடி. அத்தை பாயை உதறிப் போட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டார், மேஸ்திரி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏம்பா சூசை, சின்னப் பையனா நீ? சினிமா பாத்துட்டு கையைக் கெடுத்துக்கினியே."

"என் தப்புதாங்க மேஸ்திரி."

"சரி, போவட்டும். பலகை புடிச்சு உப்பு வார இனிமே உன்னால முடியாது. மோட்டார் கொட்டாய்ல வாட்ச்மேன் வேலை இருக்குது. மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். ஈஸ்டர் முடிஞ்சு வந்துடு."

அந்தக் கையை அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் அதைத் தூக்கினார். கட்டுப் போட்ட கையை இடது கையோடு சேர்த்து வைத்துக் கும்பிட்டார். கட்டுத்துணியில் ரத்தம் கசிந்தது. மேஸ்திரி "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார்.

எனக்கு ஆத்திரமாக இருந்தது. வேலை கிடைத்ததே என்று நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதிதான் அதிகம். மேஸ்திரிக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.