பார்க்காமல் போன வார்ம் கியர்

கப்பலில் இருந்து
3 பிப்ரவரி 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சாப்பாட்டில் உப்புதான் குறைச்சல். சமையல்காரரிடம் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

உன் பெட்டி நேற்று ஏஜெண்டு மூலம் வந்தது. வார்ம் கியர் ஒன்று, பேரிங் இரண்டு. ரிப்பேருக்கு நிறுத்தும்போது பெரிய இன்ஜினை மெல்லத் திருப்புவதும், திருப்பிய இடத்தில் அசையாமல் பிடித்துக்கொள்வதும் இந்தக் கியர்தான். கடைக்காரிக்கே பாடம் நடத்துகிறேன் பார்.

வேறு கடைச் சாமான் என்றால் சாயம் தடவி, விரிசல் இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் மாட்டுவேன். இதில் உன் கையெழுத்தில் "பார்த்தாச்சு" சீட்டு இருந்தது. சோதிக்கவில்லையா என்று சீஃப் இன்ஜினியர் கேட்டதற்கு, "எங்க அக்கா பார்த்தா போதும் சார், நான் வேற தனியா பார்க்கணுமா?" என்றேன். நாளை மாட்டுகிறோம்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

5 பிப்ரவரி

அன்புத் தம்பிக்கு,

இதைப் படித்ததும் முதல் வேலையாக அந்த வார்ம் கியரை எடுத்துத் தனியே வை. மாட்டியிருந்தால் கழற்று. அது புதுசு இல்லை. விரிசலை வெல்டிங் வைத்து அடைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கிப் புதுப் பெட்டியில் போட்டிருக்கிறார் உன் அத்தான். இன்று காலை அந்த வெல்டிங் பட்டறைக்காரர் பேச்சோடு பேச்சாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"பார்த்தாச்சு" சீட்டுகளை அவசரத்துக்கு உதவட்டும் என்று மொத்தமாக எழுதி டிராயரில் வைத்திருப்பேன். அதில் ஒன்றை ஒட்டிவிட்டார். கியரை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

"அவன் கப்பலுக்குன்னு தெரிஞ்சுமா செஞ்சீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாது, நீ சும்மா இரு" என்றார்.

தந்தி அடிக்கத்தான் தபால் ஆபீஸ் போனேன். கவுண்டரில் தந்தி வாங்க உட்கார்ந்திருந்தது எதிர்வீட்டுக்காரர். தெருவெல்லாம் தெரிந்துவிடுமே என்று திரும்பி வந்துவிட்டேன். இருப்புக்கொள்ளவில்லையடா. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து ஓடுகிறேன்.

அக்கா

26 பிப்ரவரி

அக்கா,

கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. கியர் பதினெட்டாம் தேதியே உடைந்துவிட்டது. ரிப்பேருக்கு நிறுத்தியிருந்த இன்ஜின் தானாக ஒரு சாண் திரும்பிவிட்டது. அப்போது எண்ணெய் போடும் ஆயில்மேனின் கை உள்ளே இருந்தது. இரண்டு விரல் போய்விட்டது. "விடுங்க சார், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் இருபதாம் தேதி விசாரணை. சோதிக்காமல் மாட்டியது நான். அதை மட்டும் சொல்வேன். வேலையும் சர்டிபிகேட்டும் போனால் போகட்டும். உன் சீட்டைக் கிழித்துக் கடலில் போட்டுவிட்டேன். உன் பேர் வராது.

தந்தி வந்திருந்தால் கழற்றியிருப்பேன். பன்னிரண்டு நாள் இருந்தது.

இனி எனக்கு எழுதாதே.

தம்பி

9 மார்ச்

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

நேற்று உன் கம்பெனிக்குத் தந்தி அடித்துவிட்டேன். கியர் பழசு, சீட்டு என் கையெழுத்து, ஐந்தாம் தேதியே தெரிந்தும் சொல்லத் தாமதித்தேன் என்று. எதிர்வீட்டுக்காரர் ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். நின்று கேட்டேன். பட்டறைக்காரரும் சாட்சி சொல்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அதனால் எனக்காக எதையும் மறைக்காதே, நீதான் மாட்டிக்கொள்வாய்.

உன் அத்தான் கடையைப் பூட்டிவிட்டார். என்னோடு பேசுவதில்லை. எனக்கும் அவரிடம் பேச ஒன்றும் இல்லை.

ஆயில்மேனின் மனைவிக்கு எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தாயிற்று. நேரில்தான் போக வேண்டும். அவர்கள் விலாசத்தை அனுப்பு. எனக்கென்று ஒரு வரிகூட எழுத வேண்டாம், உறைக்குள் விலாசம் மட்டும் இருந்தால் போதும்.

அக்கா