போவமா மாப்ள?

ஐப்பசி 9, புதன்கிழமை

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கொள்ளு வாங்க வழியில்லாமல் அவருடைய ஜட்கா குதிரையை விற்றுவிட்டேன். இன்று பிடித்துப்போக விளாங்குடிக்காரர் வந்தார். எவ்வளவு இழுத்தும் அது நகரவில்லை. சாட்டையை எடுத்தார்.

"அடிக்காதீக அண்ணே. அவுக ஒருநாளும் அடிச்சதில்ல."

"பெறகு, கொஞ்சியா ஓட்டுனாரு?"

கொஞ்சித்தான் ஓட்டினார். பிடரியைத் தட்டி, "போவமா மாப்ள?" என்பார். உடனே கிளம்பிவிடும். இன்று நான் தட்டிச் சொன்னேன். காதை விடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி வீட்டுக்குள்ளே பார்த்தது. அவர் வருவதாக நினைத்திருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தது.

தெருமுனையில் மறுபடி நின்று, வீட்டைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னொருக்கச் சொல்லுத்தா!" என்று விளாங்குடிக்காரர் கத்தினார்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. சாட்டைச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.